இளநிலை ஆய்வேடு: அதன் எல்லையும் தகுதியும்

விசாரணையின் பொருள்

பட்டப் படிப்பின் இறுதிப் பருவத்தில் மாணாக்கர் சமர்ப்பிக்கும் ஆய்வேடு, வழிகாட்டியின் சான்றிதழும் மாணாக்கரின் உறுதிமொழியும் நன்றியுரையும் முன்னே நிற்க, ஐந்து இயல்களாக வகுக்கப்பெற்று, கெட்டி அட்டையும் பொன்னிற எழுத்தும் பெற்று, வாய்மொழித் தேர்வு முடிந்த சில தினங்களிலேயே துறை அலமாரியின் மேல்தட்டை அடைந்துவிடுகிறது என்பதையும், அதன்பின் அதை எடுத்துப் புரட்டுவோர் மிக அரியர் என்பதையும், நம் கல்லூரிகளோடு பரிச்சயம் உள்ள எவரும் அறிவர். அதற்கு வழங்கப்பட்ட மதிப்பெண்ணுக்கு அப்பால் அந்த ஏட்டுக்கு ஒரு தகுதி உண்டா, உண்டெனில் அதை எந்தப் பிரமாணத்தைக் கொண்டு நிர்ணயிப்பது என்ற கேள்வி நம்மிடையே போதிய சிரத்தையுடன் விசாரிக்கப்படவில்லை. இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்கிறது.

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. முனைவர் பட்ட ஆய்வைப் போலவே இளநிலை ஆய்வேடும் இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது ஒரு சாராரின் அபிப்பிராயம். இருபது, இருபத்தொரு வயதில் புதியது சொல்ல முடியாது, ஆகையால் அது வெறும் பயிற்சியே, அடிக்குறிப்பு இடுவதும் நூற்பட்டியல் தயாரிப்பதும் கைவரப்பெற்றால் போதும் என்பது மற்றொரு சாராரின் அபிப்பிராயம். முதற்கருத்து மாணாக்கரை அவரால் தாங்க இயலாத ஆடம்பரமான தலைப்புகளுக்குள் தள்ளுகிறது. இரண்டாவது கருத்தோ அவருடைய உழைப்பைச் சடங்காக்கிவிடுகிறது. பின்னால் வருகிற ஒருவர் அதே இடத்துக்கும் அதே ஆதாரத்துக்கும் மீண்டு சென்று, சொல்லப்பட்டதைச் சோதித்துப் பார்க்கவும் விட்ட இடத்திலிருந்து தொடரவும் இடம் தருகிற ஆய்வேடே நல்ல ஆய்வேடு என்பது நான் இங்கே நிலைநாட்ட முயலும் கருத்து. தலைப்பைத் தேர்வதும், காலத்தைப் பங்கிடுவதும், எழுதும் முறையும் இந்த ஒரு நோக்கத்துக்கு உட்பட்டே அமைய வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி.

நிலவும் கருத்துகள்

மாணாக்கரும் ஆசிரியரும் இருவருமே அறிவைத் தேடுவோர், ஒருவர் மற்றவருக்காக இருப்பவர் அல்லர் என்ற எண்ணம், 1810இல் பெர்லின் சர்வகலாசாலை தோன்றிய காலத்தில் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் வகுத்த கொள்கையோடு சேர்த்துப் பேசப்படுவது. பட்டம் பெறுமுன் மாணாக்கர் தாமே ஓர் ஆராய்ச்சியை நடத்திப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு அந்த எண்ணத்தின் வழித்தோன்றலே. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை 1920களில் இறுதியாண்டு ஆய்வேட்டை ஒரு நியதியாகவே ஆக்கிற்று. ஹார்வர்டில் 1940இல் ஜான் கென்னடி, மியூனிக் ஒப்பந்தத்தையும் பிரிட்டனின் ஆயத்தமின்மையையும் பற்றி எழுதிய இளநிலை ஆய்வேடு அவ்வாண்டிலேயே நூலாக வெளிவந்தது. அவருடைய தந்தை அப்போது லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தார் என்ற செய்தியை நாம் மறந்துவிடலாகாது. மூல ஆதாரங்கள் யாருடைய கைக்கு எட்டுகின்றன என்பதே பல சமயங்களில் ஆய்வேட்டின் விதியைத் தீர்மானிக்கிறது.

இவ்விஷயத்தில் மிகத் தெளிவாகச் சிந்தித்தவர் இத்தாலியரான உம்பர்ட்டோ எக்கோ. டூரின் சர்வகலாசாலையில் 1954இல் தாமஸ் அக்வினாஸின் அழகியல் பற்றித் தாம் எழுதிய முதற்பட்ட ஆய்வேட்டை இரண்டு ஆண்டுகளில் நூலாக்கிய அவர், பின்னர் பேராசிரியராகிப் பலருக்கு வழிகாட்டிய அனுபவத்தைக் கொண்டு, ஆய்வேடு எழுதுவது எப்படி என்று 1977இல் ஒரு கைந்நூல் வெளியிட்டார். 1969க்குப் பிறகு இத்தாலியச் சர்வகலாசாலைகளின் கதவுகள் எல்லா வகை மாணாக்கருக்கும் அகலத் திறந்திருந்த காலம் அது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவரும், பெரிய நூலகம் இல்லாத சிற்றூரில் வசிப்பவரும் ஆய்வேடு எழுத வேண்டியிருந்த நிலை, இன்றைய நம் நிலையோடு வெகுவாக ஒத்திருக்கிறது. தலைப்பு மாணாக்கரின் நாட்டத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆதாரங்கள் கைக்கு எட்ட வேண்டும். அவை அவரால் கையாளத்தக்கனவாக இருக்க வேண்டும். ஆய்வு முறையும் அவருடைய அனுபவத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பன எக்கோவின் நிபந்தனைகள். இவை மிகச் சாதாரணமாகத் தோன்றினும், நம் துறைகளில் ஆண்டுதோறும் அங்கீகரிக்கப்படும் தலைப்புகளை இவற்றோடு வைத்துப் பார்த்தால் எத்தனை மிஞ்சும் என்பது சந்தேகமே. பரந்த தலைப்பை எடுத்துக்கொள்பவர் எதைச் சொன்னாலும் தேர்வாளருக்குத் தெரிந்த ஒரு நூல் விட்டுப்போயிருக்கும் என்றும், குறுகிய பொருளை எடுத்துக்கொள்பவரோ அந்தப் பொருளில் தேர்வாளரைவிட அதிகம் அறிந்தவராகிவிடுகிறார் என்றும் அவர் காட்டுவது கூர்மையான வாதம். சிற்றூரிலிருந்து இது சாத்தியமா என்று சோதிப்பதற்காக, பரோக் காலத்து இத்தாலியக் கிரந்தங்களில் உருவகம் பற்றிய கொள்கை என்ற பொருளைக் குறித்துக்கொண்டு, தம் சொந்த ஊரான அலெஸ்ஸாண்ட்ரியாவின் நூலகத்தில் மூன்று பிற்பகல்கள் அமர்ந்து, அங்கே கிடைத்ததைக் கொண்டே ஓர் ஆரம்ப நூற்பட்டியலை அவர் தயாரித்துக் காட்டினார்.

ஓர் ஆராய்ச்சி எப்போது விஞ்ஞானத் தன்மை பெறுகிறது என்பதற்கு அவர் கூறும் நியதிகளுள் இறுதியானது, தன் கருத்தைச் சரி என்றோ தவறு என்றோ பிறர் நிரூபிக்கத் தேவையான சாதனங்களை அந்த ஆராய்ச்சியே வழங்க வேண்டும் என்பது. நான் முன்வைக்கும் அளவுகோல் இந்த நியதியிலிருந்தே பிறந்தது. எக்கோ புதுமையையும் பயனையும் இதனோடு சேர்த்தே எண்ணுகிறார். இளநிலை ஆய்வேட்டைப் பொறுத்த வரையில் இந்த ஒன்றே முதலாவது என்றும், மற்றவை இதன் பின்னால் தாமே வருபவை என்றும் நான் கருதுகிறேன்.

இன்று இக்கேள்வி அவசரமாவதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட பாடத்திட்ட வரைவு, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் பெற்றவர்கள் ஆராய்ச்சிப் பிரிவைத் தேர்ந்து, 160 மதிப்பலகுகளுள் 12ஐ ஆய்வேட்டின் மூலம் ஈட்ட வழி செய்கிறது. அதே ஆண்டின் விதிமுறைகளால் எம்.பில். பட்டம் நிறுத்தப்பட்டது. பட்ட மேற்படிப்புக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையே ஆராய்ச்சி பழகும் களமாக இருந்த ஒரு படி நீங்கிவிட்டபடியால், அந்தப் பயிற்சி கீழ்ப்படிகளில்தான் நிகழ்ந்தாக வேண்டும். இலங்கையில் பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களின் சிறப்புப் பட்ட மாணவர் இறுதியாண்டில் ஆய்வேடு சமர்ப்பிக்கும் சம்பிரதாயம் ஏற்கெனவே வேரூன்றியிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஸ்லேட்டரின் மாணாக்கர்

மாணாக்கரின் எழுத்து அலமாரியைத் தாண்டி வாழ முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பிரத்தியட்ச சாட்சி இருக்கிறது. 1857இல் தேர்வு நடத்தும் அமைப்பாகத் தோன்றிய சென்னை சர்வகலாசாலை, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் தனக்கென ஆராய்ச்சிப் பேராசிரியர்களை நியமிக்கத் தொடங்கிற்று. இந்திய வரலாற்றுக்கு 1914இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும், இந்தியப் பொருளியலுக்கு 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டரும் பொறுப்பேற்றனர். ஸ்லேட்டர் அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர் கல்விக்காக நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்தில் பொது நிலங்கள் வேலியிடப்பட்டு உழவர் நிலமிழந்த வரலாற்றை 1907இல் நூலாக எழுதியவர். நிலத்தின் சரித்திரத்தை ஊர் ஊராக அறிய வேண்டும் என்ற பழக்கம் அவரோடு சென்னைக்கு வந்தது.

நூல்களிலிருந்து இந்தியக் கிராமத்தைப் போதிப்பது கடினம் என்று கண்ட அவர், நிலம், பயிர், கூலி, கடன், குடும்பம் முதலியவற்றைப் பற்றிய ஒரு வினாக்கொத்தைத் தயாரித்துப் பொருளியல் மாணாக்கர் கையில் கொடுத்து, அவரவர் அறிந்த கிராமத்தை விசாரித்து எழுதச் செய்தார். 1916ஐ ஒட்டி நடந்த அந்த விசாரணைகளின் பலன், 1918இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாகத் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தது. அன்றைய தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, தஞ்சாவூர் ஜில்லாவின் பாலக்குறிச்சி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான், இராமநாதபுரத்தின் வடமலைபுரம் ஆகியவை அந்நூலில் இடம்பெற்ற தமிழ்க் கிராமங்கள். பட்டத்துக்காகச் சமர்ப்பிக்கப்பட்ட ஆய்வேடுகள் என்று இவற்றை முறைப்படி சொல்வதற்கில்லை; ஆனால் ஒரு மாணாக்கர், ஒரு பொருள், ஓர் எல்லை, குறித்த காலம் என்னும் இலக்கணங்கள் அனைத்தும் இவற்றுக்குப் பொருந்துகின்றன.

இவற்றின் சிறப்பு பின்னால்தான் தெரிய வந்தது. 1936–37இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் இதே கிராமங்களுக்கு மீண்டும் ஆட்களை அனுப்பி விசாரித்து, 1940இல் மறு ஆய்வாக வெளியிட்டனர். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் இவ்வரிசையைத் தொடர்ந்தார். 1980களில் எஸ். குகன் முதலான சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவன அறிஞர்கள் ஐந்து கிராமங்களுக்கும் மறுபடி சென்றனர். இருவேல்பட்டைப் பற்றி ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2010இல் வெளியிட்ட கட்டுரை, 1916 முதல் 2008 வரையான ஏறக்குறைய ஒரு நூற்றாண்டை ஒரே ஊரின் நிலம், உழைப்பு, சாதி அரசியல் என்னும் மூன்றின் வழியாகப் பார்க்கிறது. இவ்வளவு நீண்ட காலத்தொடர்ச்சி கொண்ட கிராம ஆய்வு இந்தியாவில் மிக அபூர்வம்; அதன் அஸ்திவாரம் மாணாக்கர் சிலர் தம் விடுமுறைக் காலத்தில் நிரப்பிய வினாத்தாள்கள்.

அந்த மாணாக்கர் மகத்தான கொள்கை எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அவர்களுடைய கிராமத்துக்கு எல்லை இருந்தது, கேள்விகள் எல்லா ஊருக்கும் ஒன்றாக இருந்தன, கண்டதைக் கண்ட ஆண்டோடு குறித்தார்கள். இருபது ஆண்டு கழித்தும் அறுபத்தைந்து ஆண்டு கழித்தும் பிறர் அங்கே திரும்பிச் செல்ல முடிந்ததற்கு இவையே காரணம்.

ஆயினும் இந்த முன்மாதிரியைப் பரிசீலனையின்றி ஏற்பது தவறாகும். 1916இல் கல்லூரி வாசலை மிதிக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் நிலமும் சாதி உயர்வும் உள்ள குடும்பத்து ஆண் மக்கள். அத்தகையவர் ஒருவர் தமக்குப் பழக்கமான ஊரில் கூலி எவ்வளவு என்று கேட்கும்போது, கூலி கொடுப்பவரின் விடையும் வாங்குபவரின் விடையும் ஒரே மதிப்போடு பதிவாகியிருக்கும் என்று நம்புவது கடினம். சேரியிலும் சமையலறையிலும் என்ன நடந்தது என்பதை வினாக்கொத்து கேட்டிருந்தாலும், கேட்டவர் நின்ற இடம் விடையைக் கட்டுப்படுத்தியிருக்கும். ஆனால் இக்குறையைக்கூட நாம் இன்று எடுத்துப் பேச முடிவதற்குக் காரணம், எந்த ஊர், எந்தக் காலம், எந்தக் கேள்வி என்பவை வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருப்பதுதான். மறைத்து எழுதப்பட்ட ஆய்வில் பிழையைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. இன்று முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற மாணாக்கர், அன்று விசாரிக்கப்படாமலே விடப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறவர். அவருடைய ஆய்வேட்டுக்கு இதனால் ஒரு விசேஷ வாய்ப்பு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தலைப்பு சுருங்கும் விதம்

ஒரு வரலாற்று மாணவியோ பொருளியல் மாணவியோ ‘தமிழ்நாட்டில் ஏரிப் பாசனம்: ஓர் ஆய்வு’ என்ற தலைப்போடு வழிகாட்டியிடம் வருவதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஏரி, குளங்கள் சுமார் 39,000 உண்டு என்று அரசுக் கணக்கு சொல்கிறது. பருவம் ஒன்றின் வேலை நாட்களோ 90 அளவே. அதிலும் பிற பாடங்களும் தேர்வுகளும் உண்டு. தலைப்பை ஒரு மாவட்டமாகச் சுருக்கினாலும் நிலைமை மாறுவதில்லை. ஓர் ஊரின் ஓர் ஏரி என்று வரும்போதுதான் மாணவியின் கால் தரையில் படுகிறது. அப்போதும் ‘இந்த ஏரியின் வரலாறு’ என்பது கேள்வி ஆகாது. ‘இந்த ஏரியின் ஆயக்கட்டில் கடைமடை நிலங்களுக்கு ஏரித் தண்ணீர் வந்து சேர்ந்த ஆண்டுகள் எவை, வராத ஆண்டுகளில் அந்நிலங்கள் எதைக் கொண்டு பயிரிடப்பட்டன’ என்பது ஒரு கேள்வி. அதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது என்றும், அது என்ன சொல்லும் என்றும், அவள் சொல்வது தவறென்றால் எப்படித் தெரியும் என்றும் முன்கூட்டியே யோசிக்க முடிகிறது.

முதல் ஆதாரம் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல். புல எண்ணும், விஸ்தீரணமும், பயிரும், பாசன ஆதாரமும் ஒவ்வொரு பசலிக்கும் அதில் எழுதப்படுகின்றன. பசலி என்னும் வருவாய் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி மறு ஆண்டு ஜூன் இறுதியில் முடிவது. 1434ஆம் பசலி என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்று மட்டும் அறிந்த மாணவி, 2025 தை மாதத்தில் அறுவடையான சம்பாவை 2024ஆம் ஆண்டின் விளைச்சலாக எழுதி, நாட்காட்டி ஆண்டுப்படி தொகுக்கப்பட்ட மழைக் கணக்கோடு ஒப்பிடும்போது, மழைக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்ற தவறான முடிவுக்கு வரக்கூடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்புவதும், அந்த நீரால் விளைந்தது தை மாசியில் களம் சேர்வதும் ஒரே பசலிக்குள் அடங்குகின்றன. ஆகவே மழைக் கணக்கையும் மாத வாரியாகப் பிரித்துப் பசலிக்கு மாற்றிக்கொள்வதே முறை. இத்தகைய சிறு விவரங்களில்தான் இளநிலை ஆய்வேடு நிற்பதும் விழுவதும் இருக்கிறது.

இரண்டாவதாக, அடங்கல் சொல்வது முழு உண்மை என்று கொள்ளலாகாது. ஏரிப் பாசன நஞ்சை என்று வகைப்படுத்தப்பட்ட புலத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரே பாய்ந்துகொண்டிருக்கலாம். பாசன ஆதாரம் என்ற கட்டத்தில் ‘ஏரி’ என்ற சொல் ஆண்டுக்கு ஆண்டு பெயர்த்து எழுதப்பட்டு வரலாம். ஆகையால் அவள் மதகிலிருந்து கடைமடை வரை வாய்க்காலோடு நடந்து, எந்தப் புலத்தில் மின் இணைப்புப் பெட்டியும் குழாயும் இருக்கின்றன என்று புலப்படத்தில் குறிக்க வேண்டும். நீர் பங்கிடும் நீர்க்கட்டியிடமும், தலைமடையில் ஒருவரிடமும், கடைமடையில் ஒருவரிடமும், அங்கே நாற்று நடும் பெண்களிடமும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். காகிதமும் கண்ணும் எங்கே முரண்படுகின்றன என்று காட்டுகிற ஒரு வரைபடம் அவளால் போட முடிந்தால், அந்த ஏட்டில் வேறு எதுவும் இல்லாமற் போனாலும் அது பிழைத்துவிடும்.

காலப் பங்கீடும் இந்த ஆதாரங்களைப் பொறுத்ததே. ஜமாபந்தி நடக்கும் கோடைக் காலத்தில் கிராமக் கணக்குகள் தாலுகா அலுவலகத்துக்குத் தணிக்கைக்குப் போய்விடும். பழைய பசலிகளின் ஏடுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டால் விடைக்கு 30 நாள் தவணை உண்டு. அந்த மனுவைப் பருவத்தின் முதல் வாரத்தில் அனுப்புகிறவருக்கும் கடைசி மாதத்தில் அனுப்புகிறவருக்கும் உள்ள வேறுபாடு, ஆய்வேடு இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் உள்ள வேறுபாடாகவே முடியலாம். சென்னை எழும்பூரின் ஆவணக் காப்பகமோ, தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமோ தேவைப்படும் பொருளென்றால், அங்கே தங்கிப் படிக்க எத்தனை நாள் கையிருப்பில் உண்டு என்பதையும் தலைப்பு தீர்மானமாகும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். எக்கோ ஆறு மாதத்துக்குக் குறைந்து நல்ல ஆய்வேடு எழுத முடியாது என்கிறார். நம் மாணாக்கருக்கு அந்த ஆறு மாதம் கிடைக்க வேண்டுமானால், தலைப்பு முந்தைய பருவத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும். இதில் மாணாக்கரைவிடத் துறைகளுக்கே பொறுப்பு அதிகம்.

குறுகியதில் உள்ள அபாயம்

இவ்வளவு சுருக்கினால் ஆய்வேடு வெறும் விவரத் தொகுப்பாகிவிடாதா என்பது நியாயமான ஆட்சேபம். ஒரே ஏரியைப் பற்றிய எண்கள் யாருக்கு வேண்டும்? இதற்கு விடை, ஆய்வு முன்னோடிகள் என்று நாம் இரண்டாவது இயலில் சம்பிரதாயமாக எழுதும் பகுதியில் இருக்கிறது. பெயரும் ஆண்டும் தலைப்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுவதால் அந்த இயல் இன்று பிரயோஜனமற்றுக் கிடக்கிறது. அங்கே மாணவி கேட்க வேண்டியது, பெரியவர்களிடையே எந்த விஷயத்தில் கருத்து வேறுபாடு இருக்கிறது, என் சிறிய ஏரி அந்த விவகாரத்தில் எந்தப் பக்கத்துக்குச் சாட்சி சொல்லும் என்பதே. பண்டைக் காலத்தில் ஊர்ச் சமூகம் தானே கூடி ஏரியைப் பராமரித்தது, காலனி ஆட்சி வந்து அந்த ஒழுங்கு குலைந்தது என்பது பரவலாக நம்பப்படும் வரலாறு. டேவிட் மாஸ் 2003இல் வெளியிட்ட நூலில், பழைய இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் ஏரிகளை ஆராய்ந்து, தன்னைத் தானே ஆண்டுகொண்ட ஊர்ச் சமூகம் என்ற அச்சித்திரத்தைக் கேள்விக்கு உட்படுத்தி, ஏரிப் பராமரிப்பு அரச அதிகாரத்தோடும் சாதி மேலாண்மையோடும் பின்னிக் கிடந்தது என்று வாதிடுகிறார். தன் ஊரில் கலங்கலைப் பழுது பார்த்தவர் யார், செலவு யாருடையது, கடைமடைக்காரருக்கு அதில் குரல் இருந்ததா என்று மாணவி விசாரித்து எழுதும் நான்கு பக்கங்கள் இந்த விவகாரத்துக்குள் நேராகச் சென்று சேர்கின்றன. கேள்வி பெரிதாகவும் களம் சிறிதாகவும் இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

ஆனால் ஒரே ஏரியைக் கொண்டு தமிழ்நாட்டு ஏரிகள் அனைத்துக்கும் தீர்ப்புச் சொல்வது எல்லை மீறல். முடிவுரையில் இம்மீறலைத் தவிர்க்கும் தைரியம் மாணாக்கருக்கு இருக்க வேண்டும். அதைத் தவிர்த்ததற்காக மதிப்பெண் குறைக்காத விவேகம் தேர்வாளருக்கு இருக்க வேண்டும்.

எழுதும் முறை

எழுத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல அவசியமில்லை. ஆராய்ச்சி முடிந்த பிறகு எழுதத் தொடங்குவது என்ற வழக்கம் தீமையானது. பொருளடக்கத்தையும் முன்னுரையையும் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டு, விஷயம் தெளியத் தெளிய அவற்றைத் திருத்திக்கொண்டே போக வேண்டும் என்று எக்கோ சொல்வதைப் பின்பற்றியவர்களுக்கு அதன் பலன் தெரியும். எழுதப்பட்ட பொருளடக்கம், எந்த இயலுக்கு ஆதாரமே கைவசம் இல்லை என்பதை முதல் மாதத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். நகலெடுத்து வைத்திருப்பதையே படித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் மயக்கத்தை அவர் 1977இலேயே எச்சரித்தார். கைப்பேசியில் நூறு பக்கம் படமெடுத்துக்கொண்டு நூலகத்தை விட்டு வெளியேறும் இன்றைய மாணாக்கருக்கு அந்த எச்சரிக்கை அன்றைவிட அதிகம் பொருந்தும். படித்ததை அன்றன்றே தம் சொற்களில், பக்க எண்ணோடு, தேதியிட்டுக் குறித்து வைப்பதற்கு மாற்று ஏதும் இல்லை.

களக் குறிப்பேட்டை இதனினும் முக்கியமாகக் கருதுகிறேன். ஆய்வேட்டை விலைக்கு எழுதித் தருவோர் கல்லூரி வட்டாரங்களில் இருப்பது இரகசியம் அல்ல. இப்போது கணினியிடம் தலைப்பைச் சொன்னாலே ஐந்து இயல்களும் வந்துவிடுகின்றன. வாசிக்க ஒழுங்காகவும் பிழையற்றதாகவும் உள்ள பக்கங்கள் இனி உழைப்புக்குச் சான்று ஆகா. ‘ஏழாம் தேதி காலை, மூன்றாவது மதகு, தண்ணீர் இல்லை, கடைமடைப் புலத்தில் மோட்டார் ஓடுகிறது, ஏரித் தண்ணீர் வந்து நான்கு வருஷம் ஆகிறது என்று நிலத்துக்காரர் சொல்கிறார், மறுநாள் கேட்டபோது அவர் மனைவி ஆறு வருஷம் என்கிறார்’ என்ற வகையில் அழித்தும் திருத்தியும் எழுதப்பட்ட குறிப்பேட்டை விலைக்கு வாங்குவது எளிதன்று. வாய்மொழித் தேர்வின்போது தேர்வாளர் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாராயின், உண்மையாக உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் உள்ள பேதம் பத்து நிமிஷத்தில் புலப்படும். ஆய்வேட்டுக்குரிய மதிப்பெண்ணில் ஒரு கணிசமான பங்கை இக்குறிப்பேட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்று பாடத்திட்டக் குழுக்களை வேண்டுகிறேன்.

வழிகாட்டிகளின் நிலையையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஒரே ஆசிரியர் பல மாணாக்கருக்கு ஒரே பருவத்தில் வழிகாட்ட நேரும்போது, ஒவ்வொருவரும் வெவ்வேறு திசையில் ஓடினால் அவரால் எதையும் ஆழ்ந்து படிக்க இயலாது. ஸ்லேட்டர் செய்த ஏற்பாடு இங்கே வழிகாட்டுகிறது. ஒரே வினாக்கொத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் என்று வகுத்தால், ஆசிரியரின் உழைப்பு குறைவதோடு, பதினைந்து ஆய்வேடுகள் சேர்ந்து ஒரு வட்டாரத்தின் சித்திரமாகிவிடும்.

துறைகளுக்கு ஒரு வேண்டுகோள்

அளவுகோல் மறுசோதனைக்கு இடமளிப்பதுதான் என்றால், ஆய்வேடு முதலில் அழியாமல் இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்குப் பின் ஒரு பிரதி கல்லூரி நூலகத்தின் பட்டியலில் முறையாகப் பதிவாகட்டும். களக் குறிப்பேடும் புலப்படங்களும், தகவல் தந்தவர்களின் பெயர் மறைக்கப்பட்டு, அதனோடு சேர்த்து வைக்கப்படட்டும். அடுத்த ஆண்டு வருகிற மாணாக்கரிடம், புதுத் தலைப்புக்கு அலைய வேண்டாம், ஐந்தாண்டுக்கு முன் உன் மூத்த மாணவி எழுதிய இந்த ஏட்டை எடுத்துக்கொண்டு அதே ஏரிக்குப் போ என்று சொல்ல ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை. அது பிறர் வேலையைத் திருப்பிச் செய்வது என்று கருதும் தேர்வாளர்கள், 1940இல் தாமஸும் ராமகிருஷ்ணனும் செய்தது என்ன என்று எண்ணிப் பார்ப்பார்களாக.

இதைத் தொடங்குவதற்கு இடமும் தயாராகவே இருக்கிறது. ஸ்லேட்டரின் ஐந்து கிராமங்களும் கல்லூரிகள் உள்ள ஊர்களிலிருந்து பேருந்தில் போய் வரும் தூரத்திலேயே இருக்கின்றன. கங்கைகொண்டானில் இப்போது சிப்காட் தொழில் வளாகம் அமைந்திருக்கிறது. 1916, 1936, 1980கள் என்று மூன்று காலங்களுக்கும் உரிய எண்கள் அச்சில் கிடைக்கின்றன. அருகிலுள்ள கல்லூரிகளின் பொருளியல், வரலாற்றுத் துறைகள் வரும் கல்வியாண்டில் இக்கிராமங்களுக்குத் தம் இறுதியாண்டு மாணாக்கரை, பழைய வினாக்கொத்தோடும் அதில் கேட்கப்படாத கேள்விகளோடும் அனுப்பிவைக்க முன்வர வேண்டும்.